கண்ணாடியை விட்டுவிடுங்கள், மூடியில் கை வையுங்கள்

வாடகை வீட்டில் இருப்பதாகவும், ஜாம், காபித்தூள், ஊறுகாய் என்று காலியான கண்ணாடிப் பாட்டில்கள் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டதாகவும், தூக்கிப்போட மனம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதிகச் செலவில்லாமல் வீட்டுக்கு உதவும்படி இவற்றில் என்ன செய்யலாம் என்பது உங்கள் கேள்வி. நூலைச் சுற்றித் தீவைத்தால் பாட்டில் இரண்டாகப் பிளக்கும் என்கிறார்களே, அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்ன செய்யலாம் என்பதற்கு ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உண்மையில் நீங்கள் கேட்பது வேறு. அவற்றில் எது ஆறு மாதம் தாங்கும், எது கையைக் கிழிக்கும், எதற்கு ஆகும் செலவில் புதுப் பாத்திரமே வாங்கிவிடலாம்? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 24 ஆண்டுகள் இருந்தேன். மற்றவர்கள் பாட்டில் செய்தார்கள், நான் உடைத்தேன். எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் உடைகிறது என்று எழுதிவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஓய்வுபெற்ற பிறகு மொட்டைமாடிக் கொட்டகையில் பழைய பாட்டில்களோடு விளையாடிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். உணவு கெடுவது பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் நான் வெறும் சமையலறைக்காரன். அங்கே பயந்த பக்கமாகவே பேசுவேன்.

முதலில் தீ விவகாரம். மண்ணெண்ணெயிலோ நகப்பூச்சு அழிக்கும் திரவத்திலோ நனைத்த நூலைப் பாட்டிலில் சுற்றிக் கொளுத்தி, எரிந்து முடிந்ததும் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் பாட்டில் பிளக்கும். அது உண்மைதான். நேராகப் பிளக்கும் என்பதுதான் பொய். ஜாம் பாட்டிலும் ஊறுகாய்ப் பாட்டிலும் மணல், சோடா, சுண்ணாம்பு சேர்த்து உருக்கிய சாதாரணக் கண்ணாடி. இந்தக் கண்ணாடி 1 மீட்டர் நீளம் இருந்து 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும். ஆய்வகத்துக் குடுவை செய்யும் போரோசிலிக்கேட் கண்ணாடியோ அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். அதனால்தான் குடுவையைச் சுடரில் காட்டலாம், ஜாம் பாட்டிலைக் காட்டக் கூடாது. சூடான வளையம் திடீரென்று குளிரும்போது அதன் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இருப்பது விடமாட்டேன் என்கிறது. இந்த இழுபறியில் எங்கே ஏற்கெனவே ஒரு கீறல் இருக்கிறதோ அங்கே விரிசல் தொடங்குகிறது. கீறல் உங்கள் நூலுக்கு நேராக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. போதாததற்கு, பாட்டிலின் சுவர் ஒரே தடிமனில் இருப்பதும் இல்லை. அச்சுக்குள் காற்றை ஊதிச் செய்வதால் ஒரு பக்கம் 2 மில்லிமீட்டரும் எதிர்ப்பக்கம் அதற்கு ஒன்றரை மடங்கும் இருப்பது சகஜம். நூல் முறையில் நான் வெட்டியவற்றில் பாதிக்கு மேல் கோணலாகத்தான் போயின. கண்ணாடி வெட்டும் சக்கரத்தால் முதலில் ஒரு மெல்லிய கோடு இழுத்து, பிறகு கொதிநீரும் குளிர்நீரும் மாற்றி மாற்றி ஊற்றினால் இதைவிட நன்றாக வருகிறது. அதற்குக் கருவி வாங்க வேண்டும், பாட்டிலைச் சுழற்ற ஒரு சட்டம் வேண்டும், வெட்டிய விளிம்பை ஈரமான வாட்டர் பேப்பரால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) முரட்டுத் தாளில் தொடங்கி மெல்லிய தாள் வரை மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். அப்படித் தேய்த்த விளிம்பில்கூட நான் உதடு வைத்துக் குடிக்கமாட்டேன்.

கண்ணாடித் தூள் பட்டால் நுரையீரல் நோய் வரும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கல்லுடைப்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ், படிக வடிவில் உள்ள மணல்தூளால் வருவது. கண்ணாடி படிகம் அல்ல. ஆகவே அந்த நோயை இதனோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. அதற்காக உலர்வாகத் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கண்ணையும் தொண்டையையும் அது அறுக்கும். நீர் சொட்டச் சொட்டத் தேய்ப்பது, முகக்கவசம், கண்ணுக்கு மறைப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். குழந்தைகள் தவழும் வாடகை வீட்டில் இந்த வேலையே வேண்டாம் என்பது என் கட்சி.

ஆக, என் அனுபவம் ஒரு வரியில் அடங்கும்: கண்ணாடியைத் தொடாதீர்கள், மூடியில் வேலை செய்யுங்கள். பாட்டில் என்பது முடிந்துபோன பொருள். 1500 டிகிரிச் சூளையில் உருகி, அச்சில் விழுந்து, 550 டிகிரி அளவிலிருந்து நீண்ட சூளை ஒன்றில் மெல்ல மெல்ல ஆறவிடப்பட்டு, உள்ளிருந்த இறுக்கமெல்லாம் தளர்ந்து வெளியே வந்தது. அதை வெட்டுவதும் துளைப்பதும் சுடுவதும் அந்த வேலையைப் பின்னோக்கித் தள்ளுவது. மூடியோ தகரம் அல்லது பிளாஸ்டிக். ஓர் ஆணியும் சுத்தியலும் போதும். கெட்டுப்போனால் வேறு மூடி கிடைக்கும்.

மூடி கிடைக்கும் என்று சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. கால் சுற்றுத் திருப்பினாலே பூட்டிக்கொள்ளும் தகர மூடிகளுக்கு உலகமெங்கும் குறிப்பிட்ட அளவுகள் உண்டு: 53, 58, 63, 70, 82 மில்லிமீட்டர் என்று. உங்கள் முப்பது பாட்டில்களையும் மூடியின் விட்டத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்து ஜாம் மூடி இன்னொரு நிறுவனத்து ஊறுகாய்ப் பாட்டிலில் கச்சிதமாக உட்கார்வதைக் காண்பீர்கள். பாட்டில் மொத்த வியாபாரம் செய்யும் கடைகளில் இந்த மூடிகள் தனியாகவே விற்கின்றன. காணொளிகளில் காட்டும் சில சாமான்கள், அதாவது பாட்டில் வாயில் திருகும் சோப்புக் குழாய், உறிஞ்சுகுழல் மூடி போன்றவை, நம் பாட்டில்களுக்குப் பொருந்தாததற்கும் இதுவே காரணம். அவை அமெரிக்கர்களின் மேசன் ஜாடிக்காகச் செய்யப்பட்டவை. ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் 1858இல் காப்புரிமை வாங்கிய அந்தத் திருகு ஜாடி, வீட்டில் காய்கனிகளைப் பதப்படுத்தித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கென்றே உருவானது. அதன் வாயில் முழுத் திருகுமரை ஓடும். நம் ஜாம் பாட்டிலில் நான்கைந்து சாய்ந்த மேடுகள்தான் இருக்கும். இரண்டும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். இணையத்தில் ஆர்டர் போட்டு வரவழைத்த பிறகுதான் வித்தியாசம் புரியும். எனக்கும் அப்படித்தான் புரிந்தது.

வேலையைத் தொடங்கும் முன் முப்பதில் எத்தனை தேறும் என்று பாருங்கள். ஒவ்வொன்றின் வாய் விளிம்பிலும் சிறிது பஞ்சை ஓட்டுங்கள். இழை சிக்கினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத சில்லு பெயர்ந்திருக்கிறது, அதைத் தனியே வையுங்கள். விரல் நகத்தால் சுண்டினால் நல்ல பாட்டில் ‘ணங்’ என்று பாடும், விரிசல் கண்டது மொத்தென்று சொல்லும். வெளிச்சத்தில் பிடித்து அடிப்பகுதி மடங்கும் ஓரத்தையும் தோள்பட்டையையும் பாருங்கள். பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் இடங்கள் அவை. கீறல்கள் அங்கேதான் சேரும். கண்ணாடியின் பலம் அதன் தடிமனில் இருப்பதைவிட மேற்பரப்பின் மழமழப்பில்தான் அதிகம் இருக்கிறது என்று 1920ஆம் ஆண்டு வாக்கில் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காட்டினார். நாங்கள் அதைத் தினமும் பார்த்தோம். சூளையிலிருந்து வந்த புதுப் பாட்டிலும் பத்து முறை எஃகு நாரால் தேய்த்த பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுதான்; உடைக்க ஆகும் விசையில் பெரிய வித்தியாசம் இருக்கும். கம்பி நார் போடாதீர்கள். அடியிலும் தோளிலும் பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிய வளையம் மாட்டிவிடுங்கள். உரசலும் தடுக்கப்படும், ஈரக்கைக்குப் பிடியும் கிடைக்கும். சைக்கிள் கடையில் பஞ்சரான டியூபைச் சும்மாவே கொடுப்பார்கள். இந்தப் பதிலிலேயே மிக மலிவான யோசனை இதுதான்.

லேபிளை எடுக்க, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் காகிதம் தானாக வழன்றுவிடும். அதன்பிறகும் பிசுபிசுப்பு நின்றால் தேங்காய் எண்ணெயும் ஆப்பசோடாவும் குழைத்துத் தடவி அரைமணி விட்டுத் துடைக்கலாம். பிளாஸ்டிக் ஒட்டிகளை ஈரத்தில் ஊறவைத்துப் பயனில்லை. நல்ல வெயிலில் பாட்டிலை வைத்துச் சூடாக இருக்கும்போதே உரித்தால் முழுதாக வரும். உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருப்பது உப்புத் தண்ணீரின் படிவு என்றால் எலுமிச்சைச் சாற்றில் போய்விடும். போகவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். ஊறுகாய் வாடை பாட்டிலை விட்டு ஒரு கழுவலில் போய்விடும். மூடியின் உட்புற ரப்பர் போன்ற வளையத்தை விட்டு எளிதில் போகாது. பலர் பாட்டிலைத்தான் திட்டுகிறார்கள், குற்றவாளி மூடி. அதை வெயிலில் வாரக்கணக்கில் காயவைத்துப் பாருங்கள், இல்லையென்றால் ஆணி, பொத்தான் போடும் பாட்டிலுக்கு அந்த மூடியை ஒதுக்குங்கள்.

இனி நான் செய்து, ஆண்டுக்கணக்கில் வீட்டில் நிற்பவை. முளைகட்டும் பாட்டில்தான் முதலிடம். அகன்ற வாய் கொண்ட பாட்டிலில் கால் பங்குக்கும் குறைவாகப் பச்சைப்பயறு போட்டு, இரவு ஊறவிட்டு, காலையில் வாயில் கொசுவலைத் துண்டை ரப்பர் வளையத்தால் கட்டி நீரைக் கவிழ்த்துவிடுங்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் சாய்த்து வைத்து, காலையும் மாலையும் அலசி வடித்தால் மறுநாளே முளை எட்டிப்பார்க்கும். கடையில் இதற்கென்று அடுக்குப் பெட்டி விற்கிறார்கள். இது ஒரு காசும் ஆகாமல் அதே வேலையைச் செய்கிறது. தகர மூடியில் ஓட்டை போட்டும் செய்யலாம் என்பார்கள். தகரத்தை ஆணியால் குத்திய கணமே அதன் மேல்பூச்சு கிழிகிறது. தினமும் நனையும் இடத்தில் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். துளை போடுவதென்றால் காபிப் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியில், சூடு காட்டிய ஊசியால் போடுங்கள். மிளகுத்தூள், கோலப்பொடி, சலவைச் சோடா தூவ அது போதும்.

சோப்புக் குழாய் பாட்டிலும் அப்படியே. தீர்ந்துபோன கைகழுவும் திரவத்தின் அழுத்துகுழாயை எடுத்து, காபிப் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியில் அதன் கழுத்து இறுக்கமாகப் போகும் அளவுக்கு மட்டும் துளையிட்டு, சிலிக்கான் பசையால் ஒட்டி ஒரு நாள் அப்படியே விடுங்கள். மரவேலைக்கான வெள்ளைப் பசை கண்ணாடியிலும் வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலும் நிற்காது. நொடியில் ஒட்டும் பசை அன்றைக்கு ஒட்டும். ஈரமும் சூடும் மாறி மாறிப் படும் இடத்தில் தெறித்துவிடும். இந்தப் பாட்டிலைச் சமையலறைத் தொட்டி ஓரத்தில் வையுங்கள். குளியலறையில் வேண்டாம். சோப்புக் கை, ஈரத்தரை, வெறுங்கால், கண்ணாடி: இந்த நான்கும் ஓரிடத்தில் சேரக் கூடாது.

சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுடைய அலமாரிப் பலகையின் அடிப்பக்கத்தை அவர் கேட்கப்போவதில்லை. தகர மூடிகளைக் கவிழ்த்து அந்தப் பலகையின் அடியில் இரண்டிரண்டு திருகாணிகளால் பூட்டிவிட்டு, பாட்டிலை கீழிருந்து திருகி மாட்டலாம். ஒரே திருகாணி போட்டால் மூடியும் சேர்ந்து சுழலும், அதனால் இரண்டு. தலைக்குக் கீழே சிறு வாசர் வைத்தால் தகரம் கிழியாது. பலகை 18 மில்லிமீட்டர் என்றால் திருகாணி 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். மேலே குத்திக்கொண்டு வரும். பொத்தான், ஊசிநூல், திருகாணி, பேட்டரி, மருந்துச் சீட்டுகள் என்று பளுவில்லாதவற்றை மட்டும் போடுங்கள், அதுவும் மார்பு உயரத்துக்கு மேல் மாட்டாதீர்கள். என் மனைவியின் தையல் சாமான் எட்டு ஆண்டுகளாக இப்படித்தான் தொங்குகிறது. பாட்டில் வெளியே தெரிவதால் எதையும் தேட வேண்டியதில்லை என்பது அவள் தந்த சான்றிதழ். அவள் எளிதில் தருபவள் அல்ல.

அளவுப் பாட்டிலும் மழைமானியும் சின்ன வேலைகள், ஆனால் எனக்குப் பிடித்தவை. சமையலறைத் தராசில் பாட்டிலை வைத்து 100 கிராம் தண்ணீர் ஊற்றி நின்ற இடத்தில் கோடு போட்டால் அது 100 மில்லிலிட்டர். மழைமானிக்கு நேர்ச்சுவர் பாட்டில் வேண்டும். வாய் குறுகி உடல் அகன்றது என்றால் கணக்கு மாறும்: உள்விட்டம் வாயில் 6 சென்டிமீட்டர், உடலில் 7 என்றால், நின்ற நீர் உயரத்தை 49ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால்தான் உண்மையான மழையளவு. வடகிழக்குப் பருவமழையில் மாடியில் வைத்துவிட்டு, மறுநாள் வானொலி சொல்லும் அளவோடு பேரன் ஒப்பிட்டுக்கொண்டிருப்பான். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்று அவனுக்குப் பள்ளிக்கூடத்தைவிட இந்தப் பாட்டில்தான் சொல்லிக்கொடுத்தது.

விளக்கு பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பாட்டிலால் உயிர் போன கதை உண்மையிலேயே உண்டு. ஒரு காலத்தில் இலங்கையில் மின்சாரம் எட்டாத வீடுகளில் காலிப் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் துளையிட்டுத் திரி செருகிய குப்பி விளக்குதான் வெளிச்சம். உயரமான, இலேசான பாட்டில். தட்டினால் சாயும், உருளும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும், தீ பரவும். இப்படிக் கருகி வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குள்ளமான, கனமான, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடி போட்ட ஒரு கண்ணாடி விளக்கை வடிவமைத்தார். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்தக் குள்ள வடிவத்துக்கு அவருக்கு யோசனை தந்தது ரொட்டியில் தடவும் மார்மைட் என்ற ஈஸ்ட் கூழை விற்கும் சின்னஞ்சிறு கண்ணாடி ஜாடி. அதே நாட்டில், 1990களின் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் பொன்னாகிவிட்ட யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலின் அடியில் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்து, நடுவே சிறு திரியை நிறுத்தி எரித்த விளக்கில்தான் ஒரு தலைமுறை படித்தது. கொட்ட எண்ணெய் இல்லை, காற்றுக்குச் சுடர் அணையாமல் போத்தலின் சுவர் மறைத்தது. அங்கிருந்து வந்த நண்பர் ஒருவர் எனக்கு அதைச் செய்தே காட்டினார். நான் பார்த்த பாட்டில் விளக்குகளில் அறிவுள்ளது அதுதான்.

அது இல்லாமையில் பிறந்தது; உங்களுக்கு அந்த நிலை இல்லை. மண்ணெண்ணெயைத் தொடாதீர்கள். பூஜைக்கோ மின்வெட்டுக்கோ வேண்டுமென்றால் குள்ளமான அகன்ற பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர், அதன்மேல் ஒரு விரல் தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய், அதில் மிதக்கும் திரி என்று வைக்கலாம். எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரைத் தொட்டு அணைந்துவிடும், கண்ணாடியின் அடியும் சூடேறாது. மெழுகுவர்த்திப் பாட்டில் அழகுதான், ஆனால் மெழுகு அடிவரை எரிந்தால் சுடர் நேராகக் கண்ணாடியைச் சுடும். கடைசி ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். திரி சரிந்து சுவரோடு ஒட்டினாலும் அதே ஆபத்து. பாட்டிலின் அடித்தட்டு மட்டும் வட்டமாக, வெட்டி எடுத்ததுபோலக் கழன்று விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது சூட்டின் கையெழுத்து. கீழே விழுந்தோ இடிபட்டோ உடைந்தது பட்ட இடத்திலிருந்து நட்சத்திரமாகப் பிளக்கும்.

இதே காரணத்தால் கொதிக்கும் ரசத்தையோ காய்ச்சிய பாகையோ நேராக ஊற்றாதீர்கள். தொழிற்சாலையில் நாங்கள் பாட்டிலைச் சூடான நீர்த்தொட்டியிலிருந்து எடுத்துக் குளிர்ந்த நீரில் அமிழ்த்திச் சோதிப்போம். இரண்டுக்கும் இடையே 42 டிகிரி வித்தியாசத்தைத் தாங்கினால் தேர்ச்சி. நம் ஊர் அறையில் 30 டிகிரியில் இருக்கும் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் வித்தியாசம் எழுபதை நெருங்குகிறது. பல முறை தாங்கவும் செய்யும், அதை நம்பித்தான் பலர் கை சுட்டுக்கொள்கிறார்கள். முதலில் வெதுவெதுப்பான நீரில் பாட்டிலைச் சூடுபடுத்திவிட்டு ஊற்றுங்கள். உறைபெட்டியில் வைப்பதாக இருந்தால் நேர்ச்சுவர் பாட்டில் மட்டும், மேலே நான்கில் ஒரு பங்கு காலியாக. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் பருக்கிறது. தோள் குறுகிய பாட்டிலில் அதற்குப் போக இடமில்லை.

உணவுக்கு வருவோம். பருப்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், வறுத்த வேர்க்கடலை போன்ற உலர்ந்தவற்றுக்கு இந்தப் பாட்டில்களைவிட நல்ல பாத்திரம் இல்லை. ஹார்லிக்ஸ் கண்ணாடிப் பாட்டிலில் வந்த காலத்தில் வீட்டுக்கு வீடு அஞ்சறைப் பெட்டிக்கு அடுத்த இடம் அதற்குத்தான். பாட்டிலையும் மூடியையும் முழு நாள் வெயிலில் காயவைத்த பிறகே நிரப்புங்கள். கண்ணாடி ஈரத்தை வெளியே விடாது, உள்ளே அகப்பட்ட ஈரம் பூஞ்சையாகத்தான் வெளிவரும். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும், ஆகவே அலமாரிக்குள் வையுங்கள். உப்பும் புளிப்பும் கொண்ட ஊறுகாயைத் தகர மூடி போட்டு வைத்தால் மூடி அரிக்கும். பிளாஸ்டிக் மூடி போடுங்கள், இல்லையென்றால் பாட்டி ஜாடிக்குச் செய்ததுபோல வாயில் வெள்ளைத்துணி கட்டுங்கள். புளிக்கும் எதையும் இறுக மூடாதீர்கள், வாயு சேரும். சமைத்த காய்கறியையோ குழம்பையோ பாட்டிலில் அடைத்துக் கொதிக்கவைத்து மாதக்கணக்கில் வெளியே வைக்கும் முறையை மட்டும் பழைய மூடியோடு முயலவே வேண்டாம். காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் வளரும் கிருமியின் நச்சு வாடையோ நிறமோ காட்டாமலே ஆளைக் கொல்லக்கூடியது. அந்தக் கலைக்குப் புது மூடியும் அழுத்தக் கலமும் முறையான பயிற்சியும் வேண்டும். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். சாப்பாட்டுப் பாட்டிலில் பினாயில், அமிலம், மண்ணெண்ணெய், பெயின்ட் கரைப்பான் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கு ஜாம் பாட்டில் ஜாம் பாட்டில்தான். லேபிள் ஒட்டினாலும் அதற்குப் படிக்கத் தெரியாது. அதேபோல பூச்சிமருந்து வந்த பாட்டில் எத்தனை அழகாக இருந்தாலும் கழுவி அடுக்களைக்குள் கொண்டுவராதீர்கள்.

தண்ணீரில் மணிபிளான்ட் வளர்ப்பது எல்லோரும் செய்வது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட தெளிந்த நீரைத்தான் தேடி வரும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுவதோடு உட்சுவரையும் விரலால் தேய்த்துவிட வேண்டும், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். பாசி பிடிக்காமலிருக்கப் பழைய துணியையோ காகிதத்தையோ சுற்றுங்கள். இன்னொன்று, தண்ணீர் நிறைந்த உருண்டைப் பாட்டிலை நேர் வெயில் விழும் சன்னலில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது பூதக்கண்ணாடி செய்யும் வேலையைச் செய்யும்.

பெயின்ட் அடிப்பது, கயிறு சுற்றுவது, அரிசி ஒட்டுவது பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள், குடிக்கும் பாட்டில் என்றால் விளிம்பிலிருந்து இரண்டு விரல் விட்டு அடியுங்கள். அவ்வளவுதான்.

முப்பதில் பத்துப் பன்னிரண்டுதான் உருப்படியாகப் பயன்படும் என்பது என் மதிப்பீடு. மீதியைக் குற்றவுணர்ச்சி இல்லாமல் காயலான் கடையில் போடுங்கள். கண்ணாடி எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. சூளையில் போடும் கலவையில் பத்து சதவீதம் உடைந்த கண்ணாடி சேர்த்தால் எரிபொருள் சுமார் இரண்டரை முதல் மூன்று சதவீதம் மிச்சம். எங்கள் ஆலையில் உடைசல் லாரி வராத நாளில் மேலாளர் முகத்தைப் பார்க்க முடியாது. கடைக்காரர் கிலோவுக்குக் கொடுப்பது அற்பம்தான், வாங்க மறுப்பவர்களும் உண்டு. மூடியைக் கழற்றித் தகரத்தோடு தனியாகக் கொடுத்தால் முகம் சுளிக்கமாட்டார்.

வேலையின்போது ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும். பெரிய துண்டுகளை எடுத்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத சில்லுகளை ஈரமான செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள். துடைப்பம் அவற்றை மூலைக்குத் தள்ளும், எடுக்காது. டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் மிச்சமிருப்பவை மின்னும். எல்லாவற்றையும் பழைய பெயின்ட் டப்பாவிலோ பிளாஸ்டிக் குடுவையிலோ போட்டு மூடி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதிவைப்பேன். காலையில் தள்ளுவண்டி வரும்போது குப்பைப் பையோடு சேர்க்காமல் அந்த அம்மாவிடம் சொல்லித் தனியாகக் கையில் கொடுப்பேன். அவர் அதை வண்டியின் பின்பக்கத்துக் கொக்கியில் மாட்டிக்கொள்வார்.